வாய்ச்சொல்லும் சாட்சியும்

மார்கழி விடுமுறையில் ஒரு மாலைப்பொழுது. புத்தளம் களப்பின் கரையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, முன்னர் நம்மிடம் படித்த மாணவன் ஒருவனின் தாய் வீடு தேடி வந்தார். கையில் ஒரு பழைய கைத்தொலைபேசி. அதன் கண்ணாடி விரிசலோடியிருந்தது. மூத்த மகளை வளைகுடா நாடொன்றுக்கு வேலைக்கு அனுப்புவதற்காக வட்டிக்குப் பணம் வாங்கி, இடைத்தரகர் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. சொன்ன சம்பளம் மகளுக்குக் கிடைக்கவில்லை. கேட்டபோது, "நான் உன்னிடம் பணம் வாங்கவேயில்லை" என்று தரகர் மறுத்துவிட்டார். மறுநாள் தாய் மீண்டும் அவரைத் தொலைபேசியில் அழைத்தார். மகன் பக்கத்திலிருந்து அந்த உரையாடலை இன்னொரு தொலைபேசியில் பதிவு செய்தான். அன்றிரவு அக்கா வெளிநாட்டிலிருந்து எடுத்துப் பேசியதையும், அவள் அறியாமலே, அவ்வாறே பதிவு செய்தான்.

அந்தத் தாய் நம்மிடம் கேட்டவை இரண்டே கேள்விகள். "சேர், இது கோட்டில் செல்லுமா? ஒளித்துப் பதிந்தது பாவமா?"

முதற் கேள்வி நடைமுறையைப் பற்றியது; இரண்டாவது அறத்தைப் பற்றியது. இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டுமாயின் சற்று வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எழுத்து உடையவனுக்கும் வாய்ச்சொல் மட்டுமே உடையவனுக்கும் இடையே நடந்த வழக்குகளின் கதையாகவே நம் கரையோர மக்களின் வரலாற்றின் பெரும்பகுதியைச் சொல்லிவிடலாம். கற்பிட்டியில் 1667-இல் கோட்டை கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர், தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களில் நிலத்தையும் மனிதரையும் தோம்பில் பதிந்தனர். அவர்களுக்குப் பின் வந்த ஆங்கிலேயர் 1840-இல் இயற்றிய 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும், உரிமை வேறென்று நிரூபிக்கப்படாதவரை, முடிக்குரியன என்று கொண்டது. நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உழவன் தலையில் விழுந்தது. "என் பாட்டன் இங்கே சேனை வெட்டினான்" என்னும் சொல் உறுதிப் பத்திரத்தின் முன்னே உதிர்ந்து போயிற்று.

அந்த நிலைமை முற்றாக மாறிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது. கரைவலை இழுக்கும் தொழிலாளிக்கும் சம்மாட்டிக்கும் இடையிலே, உப்பளத்துக் கூலியாளுக்கும் அவரை வேலைக்கு வைத்தவருக்கும் இடையிலே, இறால் வாடியிலே, கருவாட்டு வாடியிலே இன்றும் நடப்பது பெரும்பாலும் வாய்க்கணக்கே. முற்பணம் கொடுப்பவன் கொப்பியில் எழுதிக் கொள்கிறான். வாங்குகிறவன் மனத்தில் எழுதிக் கொள்கிறான். தகராறு என்று வரும்போது கொப்பி பேசுகிறது. மனம் பேசுவதை யார் கேட்கிறார்கள்?

வலியவனின் நிலைமையோ நேர்மாறானது. தனக்குச் சாதகமானதை எழுத்திலும், பாதகமானதை வாய்ச்சொல்லிலும் வைத்துக்கொள்ளும் வசதி அவனுக்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் அக்கட்டளை ஒலிபெருக்கி மூலமே வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள் ஊரையும் வீட்டையும் விட்டு வெளியேறுமாறு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாறு வந்தவர்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலேயே குடியேறினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வைப் புரட்டிப்போட்ட சொற்கள் காற்றோடு கலந்தன. விட்டுவந்த வீட்டுக்கு உரிமை கோருபவரிடமோ உறுதி எங்கே என்று கேட்கப்படுகிறது.

இனி, மறைந்து கேட்கும் கலையின் வரலாற்றுக்கு வருவோம். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரம் உண்டு. பொருட்பாலிலே, அரசனுக்குரிய கருமங்களின் வரிசையிலே அது வைக்கப்பட்டிருக்கிறது. அறத்துப்பாலில் தனிமனிதனுக்குச் சொல்லப்படுவதோ புறங்கூறாமை. ஒற்றறிதல் ஆட்சியின் கருவி, அதனைத் தனிமனித ஒழுக்கமாகக் கொள்ளலாகாது என்பதை இந்த அமைப்பே உணர்த்துகிறது எனலாம். அரசனுக்கும் வள்ளுவர் கட்டுப்பாடு விதிக்கத் தவறவில்லை. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. ஒற்றைக் காதை நம்பாதே என்னும் அந்த எச்சரிக்கையைப் பின்னர் நினைவுகூர்வோம்.

இலங்கையில் 1858-இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக் கம்பி ஓடியது. 1880-இல் தொலைபேசி வந்தது. கையால் இணைப்புக் கொடுத்த அந்நாள் தொலைபேசி நிலையங்களில், இணைப்பாளர் விரும்பினால் எவர் பேச்சையும் கேட்கக் கூடிய நிலை இருந்தது. 1898-இல் வால்டெமார் போல்சன் என்னும் டென்மார்க்குக்காரர் காந்தக் கம்பியில் ஒலியைப் பதியும் கருவியைக் கண்டுபிடித்து, 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்வதையே அவர் முதலில் மனத்திற் கொண்டிருந்தார். ஆகவே தொலைபேசிப் பதிவு நேற்று முளைத்ததன்று. காந்தப் பதிவுக் கருவியோடு உடன்பிறந்தது. ஆயின், அக்கருவி யார் கையில் இருந்தது என்பதே கேள்வி. அரசுகளிடமும் பெரும் நிறுவனங்களிடமுமே அது நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் தம் அலுவலகத்திலேயே இரகசியப் பதிவுக் கருவி பொருத்தியிருந்த செய்தி 1973 யூலையில் வெளிவந்தது. ஒரு பதிவில் பதினெட்டரை நிமிடப் பேச்சு அழிந்திருந்தது. அடுத்த ஆண்டே அவர் பதவி துறந்தார். பிறர் பேச்சைச் சேர்த்து வைத்தவருக்குத் தம் பேச்சே சாட்சியாயிற்று.

இக்கருவி சாமானியர் பக்கம் நின்றதற்கும் சான்று உண்டு. 1964-இல் பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த மல்கானி என்பவர், ஒரு நோயாளியின் மரணத்தை வைத்து மருத்துவர் ஒருவரிடம் இலஞ்சம் கேட்டார். மருத்துவர் தரப்பினர் ஊழல் ஒழிப்புப் பொலிசாரை அழைத்து, தம் தொலைபேசியிலேயே பதிவுக் கருவியை இணைத்து, அந்த அதிகாரியின் பேச்சைப் பதிவு செய்தனர். இது சட்டவிரோதமான ஒட்டுக்கேட்டல் என்று அதிகாரி வாதாடினார். பேசுபவர்களில் ஒருவரே பதிவுக்கு இசைந்திருக்கையில் அது இடைமறிப்பு ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1972-இல் தீர்ப்பளித்தது. குரல் இன்னாருடையது என்று அறியப்பட வேண்டும். பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். பதிவில் வெட்டும் ஒட்டும் இருக்கலாகாது என்பன அத்தீர்ப்பு விதித்த நிபந்தனைகள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? நமது சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து வந்த 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம், பேச்சு நிகழும் வேளையிலேயே கருவியால் எடுக்கப்பட்ட பதிவுகளைச் சான்றாக ஏற்க வழி செய்தது. கருவி ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும். பதிவில் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. அதனைச் சான்றாக வைக்க விரும்புபவர் விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமோ, பிறருடைய செய்தியை வேண்டுமென்று இடைமறித்து அறிய முயல்வதைக் குற்றமாக்குகிறது. இருவர் பேச்சில் மூன்றாமவன் காது வைப்பது ஒன்று. தன்னிடம் சொல்லப்பட்டதைத் தானே பதிவது வேறொன்று. எனினும், 1978ஆம் ஆண்டின் நமது அரசியல் யாப்பு அந்தரங்கத்துக்கான உரிமையை அடிப்படை உரிமையாக வெளிப்படையாகக் கூறவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் அவ்வுரிமையை அரசியல் யாப்பிலிருந்தே வருவித்துக் கூறியதை நம் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

ஆகவே அந்தத் தாயின் முதற் கேள்விக்கு, "செல்லக் கூடும், ஆனால் எளிதன்று" என்பதே விடை. பதிவு எந்தத் தொலைபேசியில் இருக்கிறதோ அந்தத் தொலைபேசியை அப்படியே காப்பாற்ற வேண்டும். வட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பி, வேண்டியதை மட்டும் வெட்டியெடுத்த துண்டு, நீதிமன்றத்தில் ஐயத்துக்கே இடமளிக்கும். ஆரம்பம் முதல் இறுதி வரை முழுப்பேச்சும் இருக்க வேண்டும். திகதியும் நேரமும் தனியே எழுதி வைக்கப்பட வேண்டும். தமிழிற் பேசியது சிங்கள மொழியில் நடக்கும் விசாரணைக்குப் போகும்போது, மொழிபெயர்ப்பவரின் பேனாவும் ஒரு சாட்சியாகிவிடுகிறது. இவற்றுக்கு மேலாக, வங்கிச் சீட்டு, பணம் கொடுத்ததைக் கண்ட அயலவர் போன்ற வேறு சான்றும் வேண்டும். ஒற்றனை ஒற்றனால் ஒப்பிடு என்றாரே, அது இங்கும் பொருந்துகிறது.

கருவியைச் செய்பவர்கள் விதிக்கும் சட்டம் ஒன்றும் இருக்கிறது. கூகிள் நிறுவனம் 2022 மே மாதம் தன் விற்பனைக் களத்திலுள்ள பிறர் செயலிகள் அழைப்புகளைப் பதிவதற்குப் பயன்படுத்திய வழியை அடைத்தது. அப்பிள் நிறுவனம் 2024 ஒக்டோபரில் தன் தொலைபேசிகளிலே பதிவு வசதியைத் தந்தபோது, பதிவு தொடங்குவதை இரு தரப்புக்கும் குரல் மூலம் அறிவிக்கும்படி அமைத்தது. அறிவித்துப் பதிவது நேர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இலஞ்சம் கேட்பவன் அறிவிப்பைக் கேட்டதும் வாயை மூடிக்கொள்வான். எது அந்தரங்கம், எது சான்று என்று எந்நாட்டு மக்கள் மன்றமும் விவாதித்து முடிப்பதற்கு முன்பே, இரண்டு கம்பனிகள் உலகம் முழுவதற்கும் முடிவு செய்துவிடுகின்றன. களப்புக் கரையில் ஒரு சிறுவன், ஒரு தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து மறு தொலைபேசியால் பதிவது, அந்த முடிவைச் சுற்றிக்கொண்டு போகும் ஏழையின் வழி.

வேலைக்குப் போன பெண்களின் நிலைமையோ இன்னும் கொடியது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒருவர் சம்மதமின்றி அவர் பேச்சைப் பதிவு செய்தால் குறைந்தது ஆறு மாதச் சிறையோ, ஒன்றரை இலட்சம் முதல் ஐந்து இலட்சம் திர்ஹம் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சம்பளம் தராத எசமானின் வசையைத் தன் பாதுகாப்புக்காகப் பதிந்த பணிப்பெண்ணும் இச்சட்டத்தின் வாயில் விழக்கூடும். அந்தரங்கம் என்னும் உயர்ந்த சொல், சமமற்றோர் வாழும் வீட்டில், எசமானின் கதவுக்கு மட்டும் பூட்டாக அமைந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் கொண்டு, "அப்படியாயின் பதிவு ஏழையின் ஆயுதம், தாராளமாகப் பதியுங்கள்" என்று முடித்துவிடலாமா? முடியாது. 2020 சனவரியில் நம் நாடு கண்ட காட்சி அதற்குத் தடையாக நிற்கிறது.

பாராளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவின் மாதிவெல இல்லத்தை அவ்வாண்டு சனவரி 4ஆம் திகதி பொலிசார் சோதனையிட்டனர். அவர் நெடுங்காலமாகப் பதிந்து சேர்த்து வைத்திருந்த தொலைபேசி உரையாடல்கள் கைப்பற்றப்பட்டன. அடுத்த சில நாட்களில் அவற்றின் துண்டுகள் ஊடகங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் ஓடத் தொடங்கின. நீதிபதிகள் சிலரோடும் பொலிஸ் அதிகாரிகளோடும் அவர் பேசியவை வெளிவந்தன. அரசியல்வாதி ஒருவர் நீதிபதியோடு இவ்வாறு பேசலாமா என்னும் கேள்வி நியாயமானது. மக்கள் அறிய வேண்டியது. ஆனால் அதனோடு சேர்த்து, வழக்கோடும் அரசியலோடும் தொடர்பில்லாத அந்தரங்கப் பேச்சுகளும் கேலிப் பொருளாகச் சந்தைக்கு வந்தன. ஊடகவியலாளர் லசந்த விக்கிரமதுங்கவின் கொலை, பிரகீத் எக்னெலிகொட காணாமற்போனமை ஆகியவற்றின் விசாரணைகளோடு தொடர்புபட்டிருந்த ஷானி அபேசேகர என்னும் அதிகாரி, இப்பதிவுகள் வெளிவந்த அதே மாதத்தில் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார். யூலை 31ஆம் திகதி, சாட்சியம் புனைந்தார் என்னும் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டு, 2021 யூன் மாதமே பிணையில் வந்தார். 2024-இல் மீண்டும் பொலிஸ் சேவைக்கு அழைக்கப்பட்டார். ராமநாயக்க 2021 சனவரியில் சிறை சென்றது இப்பதிவுகளுக்காக அன்று. 2017-இல் நீதித்துறையைப் பற்றிக் கூறிய கருத்துக்காக, நீதிமன்ற அவமதிப்பு வழக்கிலே. 2022 ஓகஸ்டில் மன்னிப்புப் பெற்று வெளிவந்தார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. பதிந்தவர் நோக்கம் எதுவாயினும், சேர்த்து வைத்த குரல்கள் அவர் வசத்தில் இருக்கவில்லை. களஞ்சியத்தின் திறப்பு அதிகாரம் உள்ளவன் கைக்கு மாறியது. எந்தத் துண்டைக் கேட்க வேண்டும், எதைக் கேட்க வேண்டாம் என்று தெரிவு செய்தவன் அவனே. ஊழலை எரிப்பதற்கென்று குவித்த விறகு, ஊழலை விசாரித்தவன் வீட்டுக் கூரையில் தீயாக விழுந்தது.

வெட்டி எடுத்த சொல் என்ன செய்யும் என்பதை நம் கரையோரம் போல் அறிந்த இடம் குறைவு. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், மே 12ஆம் திகதி சிலாபத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருள்பட ஆங்கிலத்தில் எழுதிய ஒரு வரி, மிரட்டல் என்று விளங்கிக் கொள்ளப்பட்டது. கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது. மறுநாள் இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் கும்பலால் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு மே மாதம், புத்தளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய கவிஞர் அஹ்னாப் ஜசீம், தம் 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். 2021 திசெம்பரில் பிணை. 2023 திசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அச்சிட்டு வெளியிட்ட கவிதைக்கே இக்கதி என்றால், கோபத்திலும் கேலியிலும் தொலைபேசியிற் சொன்ன சொல் ஒன்று, முன்பின் அறுக்கப்பட்டு, வேற்று மொழியில் பெயர்க்கப்பட்டு வெளிவந்தால் என்னாகும்? இதைச் சிறுபான்மை மக்களாகிய நாம் எண்ணிப் பார்க்காதிருக்க முடியாது.

இங்கே நம் சொந்தக் குற்றம் ஒன்றையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், பரீட்சையில் தவறிய மாணவன் ஒருவனைப் பற்றிச் சக ஆசிரியரோடு தொலைபேசியிற் பேசுகையில், அவன் தந்தையின் குடிப்பழக்கத்தைக் கசப்போடு குறிப்பிட்டோம். அந்நண்பரின் தொலைபேசி எல்லா அழைப்புகளையும் தானாகவே பதியும்படி அமைந்திருந்தது. அவர் தீய எண்ணம் கொண்டு செய்ததன்று. பல மாதங்கள் கழித்து, வேறொரு பூசலில், அப்பதிவு அக்குடும்பத்தின் காதுக்குப் போயிற்று. மாணவன் மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. வந்த பின்னும் நம் முகத்தை நேரே பார்க்கவில்லை. சொல் கொடியது, அதைச் சொன்னது நாமே. பதிவு அக்கொடுமையை உண்டாக்கவில்லை. ஆனால் சொன்னவன் வருந்தித் திருந்துவதற்கு முன்பே அச்சொல்லைக் கல்லாக்கி, ஒரு பிள்ளையின் மீது எறிந்துவிட்டது.

மனிதர் கூடிச் செயற்படுவதற்குப் பேச்சில் நம்பிக்கை வேண்டும். 2021 யூலை முதல் ஒக்டோபர் வரை ஆசிரியர்களும் அதிபர்களும் சம்பள முரண்பாட்டை எதிர்த்து இணையவழிக் கற்பித்தலைப் பகிஷ்கரித்தபோது, பாடசாலைகள் மூடியிருந்த அக்காலத்தில், பெரும்பாலும் தொலைபேசியே நம்மை இணைத்தது. தயக்கம், கோபம், மாற்றுக் கருத்து எல்லாவற்றையும் மனம் விட்டுப் பேசியதால்தான் முடிவில் ஒன்றாக நிற்க முடிந்தது. மறுமுனையில் ஒரு கருவி ஓடுகிறது என்ற ஐயம் புகுந்திருந்தால், ஒவ்வொருவரும் சாட்சிக் கூண்டில் நின்று பேசுவது போல் அளந்தே பேசியிருப்போம். தோழன் தோழனைப் பதியத் தொடங்கும் நாளில் சங்கம் பெயர்ப்பலகையாகி விடுகிறது.

ஆகவே நாம் கொள்ளத்தக்க அளவுகோல்கள் சில உள்ளன. முதலாவது, பதிபவர் அப்பேச்சில் தாமே பங்குகொண்டவராக இருக்க வேண்டும். பிறர் பேச்சில் காது வைப்பது களவே. இரண்டாவது, அதிகார ஏற்றத்தாழ்வைப் பார்க்க வேண்டும். கடன்பட்டவள் தரகனைப் பதிவதும், தரகன் கடன்பட்டவளைப் பதிவதும் ஒன்றல்ல. மூன்றாவது, நிகழ்ந்த ஒரு தீமையை நிறுவுவதற்கே பதிவு வேண்டும். என்றாவது உதவும் என்று எல்லோரையும் பதிந்து வைப்பது பாதுகாப்பன்று, பதுக்கல். நான்காவது, அதைக் கேட்க வேண்டியவர் விசாரிக்கும் கடமையுடையவர். ஊர் முழுவதும் அன்று. கருமம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

இந்த அளவுகோல்களை வைத்துப் பார்த்தபோது, அத்தாய் கொண்டுவந்த இரண்டு பதிவுகளும் ஒன்றல்ல என்பது தெளிவாயிற்று. ஒரே கருவி, ஒரே நாள், ஒரே சிறுவன். ஆயினும் தரகரின் பேச்சைப் பதிந்தது பாவமன்று. பற்றுச்சீட்டு எழுதித் தர மறுத்தவனின் வாயிலிருந்து ஏழை எடுத்துக்கொண்ட பற்றுச்சீட்டு அது. மகளின் பேச்சோ அவளுக்கே உரியது. தாயிடம் மட்டும் சொல்லக் கூடிய சில சொற்கள் அதில் இருந்தன. பெரும்பகுதி அழுகையாக இருந்தது.

தரகரின் பதிவுள்ள தொலைபேசியை மாற்றாமல் வைத்திருக்குமாறும், பணம் கொடுத்தபோது உடனிருந்த அயலவரையும் அழைத்துக்கொண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் எழுத்து மூலம் முறையிடுமாறும் சொன்னோம். முறைப்பாட்டை நாமே எழுதிக் கொடுத்தோம். அவர் கையெழுத்திட்டார், எழுத்துக் கூட்டி, மெதுவாக, தம் பெயரை எழுதினார்.

எழுந்து போகுமுன் கேட்டார்: "மகள் பேசியதையும் கொடுக்கவா சேர்? அதைக் கேட்டால் அவர்கள் மனம் இளகாதா?"

"இளகலாம் அம்மா. ஆனால் அதை மகளிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்" என்றோம்.

அவர் சிறிது நேரம் அந்த விரிசலோடிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்றிரவு எடுப்பாள். கேட்கிறேன்" என்று சொல்லிப் படியிறங்கினார்.